மலைக்கு மின்பேருந்து: நைட் ஷிஃப்ட்டை மறந்தால் வரும் வினை

நீலகிரியில் பள்ளிக்கூடம், எஸ்டேட், ஹோட்டல் என்று மின்பேருந்து வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் இப்போது அடிக்கடி கூப்பிடுகிறார்கள். கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி. ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், பேட்டரி எத்தனை வருஷம் வரும், மானியம் உண்டா. வண்டி வந்ததும் யாருக்கு என்ன வேலை மாறப்போகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. டீசல் பணிமனையில் காலம் தள்ளிய எங்கள் செட்டும் தொடக்கத்தில் வண்டியைத்தான் பார்த்தது, ஆளைப் பார்க்கவில்லை. அதனால் புதியவர்களைக் குறை சொல்ல வரவில்லை, ஆனால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

சார்ஜரை எங்கே வைப்பது, டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கே.வி.ஏ. என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அதை விற்கிறவர்களே சொல்லித் தருவார்கள். ஆட்கள் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீளமான தடத்தில் தொடங்கிக் காட்டுவது

2019 பிப்ரவரியில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் திருவனந்தபுரம்–எர்ணாகுளம் தடத்தில் மின்பேருந்து விட்டது. முதல் ஓட்டத்திலேயே சேர்த்தலையில் சார்ஜ் தீர்ந்து வண்டி நின்றது. கொடியசைப்பு விழாவுக்குச் சின்னத் தடம் போதும்.

மலை மேலிருந்து நூறு சதவீத சார்ஜோடு கிளம்புவது

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத தவறு இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். 15 டன் எடையுள்ள பேருந்து இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படுகிற ஆற்றலைக் கணக்குப் போட்டால் 75 யூனிட்டுக்கு மேல் வருகிறது. டயர் உராய்வு, காற்று, மோட்டாரில் ஆகும் இழப்பு எல்லாம் போக அதில் பாதியாவது பேட்டரிக்குத் திரும்பும். இறக்கத்தில் மோட்டாரே டைனமோவாக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது, டீசல் வண்டியில் இரண்டாம் கியர் செய்த வேலையை இதுதான் செய்கிறது. பணிமனையில் இதை ரீஜென் என்பார்கள். ஆனால் பேட்டரியில் இடம் இருக்கும்வரைதான் இந்த வசதி. நிறைகுடத்தில் மேலே ஊற்றினால் நிற்குமா? நிரம்பிய பேட்டரி மின்சாரத்தை வாங்காது, வண்டியின் கம்ப்யூட்டர் அந்தப் பிடிப்பைக் குறைத்துவிடும் அல்லது அடியோடு நிறுத்திவிடும், அப்புறம் மொத்தப் பாரமும் கால் பிரேக்கில்தான். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் காலை நேரம் என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் குளிர்ந்த பேட்டரியும் சார்ஜைத் தயங்கித்தான் வாங்கும்.

இது எஞ்சினியர்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. தெரியாமல் போவது, ராத்திரி மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து சார்ஜர் கன்னை வண்டியில் மாட்டுகிறாரே, அவருக்கு.

நான் போய் உட்கார்ந்து பார்த்த ஒரு மலைப்பணிமனையில் நைட் ஷிஃப்ட்டில் இருந்தவர் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து டீசல் பங்க்கில் நின்றவர். அங்கே அவருக்குத் தெரிந்த சட்டம் ஒன்றே ஒன்று: டேங்க் நிறைந்திருக்க வேண்டும், குறைந்தால் மெமோ. அதே மனுஷரை ஒரு வார்த்தை சொல்லாமல் சார்ஜருக்கு மாற்றினார்கள். காலையில் எல்லா வண்டியும் நூறு காட்டினால் நோட்டில் டிக். அவரும் கர்மசிரத்தையாக நூறு நூறாக ஏற்றி வைத்தார். பயிற்சி வகுப்பு நடந்ததோ பகலில், டிரைவர்களுக்கு மட்டும், அதுவும் கீழே சமவெளியில்.

முதல் நடை இறக்கம். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி டிரைவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார், வண்டி அடங்கவில்லை, ஓடுகிறது. இடது கை பழக்கதோஷத்தில் கியர் ராடைத் தேடுகிறது, அங்கே ஒன்றும் இல்லை. சில கொண்டை ஊசி வளைவுகள் தாண்டுவதற்குள் பிரேக் லைனிங் கருகும் வாடை வண்டிக்குள் வந்துவிடுகிறது. திரும்பி வந்ததும் கம்ப்ளெயின்ட் நோட்டில் ‘பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். மதியம் மெக்கானிக் எடுத்து ஓட்டிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. எப்படி இருக்கும்? அதற்குள் வண்டி ஒரு தடவை மலை ஏறி வந்தாகிவிட்டது, பேட்டரி பாதிக்கு மேல் காலி, ரீஜென் ஜம்மென்று பிடிக்கிறது. நோட்டில் ‘சரிபார்க்கப்பட்டது, குறை இல்லை’. அடுத்த நாள் வேறு டிரைவர், அதே புகார், அதே பதில். விடாமல் எழுதிய ஒருவருக்கு மெமோ வந்தது.

கொஞ்ச நாளில் சீனியர் டிரைவர்கள் காலை முதல் நடைக்கு வருவதையே நிறுத்தினார்கள். மெடிக்கல் லீவு, சொந்த வேலை, ஏதோ ஒரு காரணம். மேலே இருந்தவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? டிரைவர்களுக்குப் புதிய தொழில்நுட்பத்தின் மேல் வெறுப்பாம். மனமாற்றத்துக்கு வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட்டு, குத்துவிளக்கு ஏற்றி, டீ பிஸ்கட்டோடு வகுப்பு. லைனிங் மாற்றிய செலவு ஒரு பக்கம், மெமோ வாங்கியவரின் ஆத்திரம் ஒரு பக்கம், வண்டியே சரியில்லை என்று ஊருக்குள் பரவிய பேச்சு இன்னொரு பக்கம். வண்டியில் ஒரு குறையும் இல்லை!

அந்த நைட் ஷிஃப்ட்காரரிடம் நான் பேச்சுக் கொடுத்தபோது அவராகவே சொன்னார்: “எறங்கறப்ப வண்டி தன்னாலதானே சார் உருளும், அதுக்கு எதுக்கு ஃபுல்லா போடணும்னு எனக்கே தோணுச்சு. யார்கிட்ட போய் சொல்றது?”

அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தால் ஒரு சாயங்காலத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஷெட்யூல் போடுகிறவர், முதல் நடை ஓட்டுகிற டிரைவர், சார்ஜ் போடுகிறவர் மூவரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து எந்தத் தடத்துக்கு எத்தனை சதவீதத்தில் நிறுத்துவது என்று பேச வேண்டும். 250 யூனிட் பேட்டரி, இறக்கத்தில் 40 யூனிட் திரும்புகிறது என்று வைத்துக்கொண்டால் 80 சதவீதத்தில் தொடங்கலாம், அப்புறம் ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மேட்டுப்பாளையத்தில் ராத்திரி தங்கிக் காலையில் மலை ஏறும் வண்டிக்குத் தாராளமாக நூறு போடுங்கள். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்குகிற வண்டிக்கும் உதகைக் கணக்குதான். ஆக வண்டிக்கு ஒரு எண் வரும், அதைச் சார்ஜருக்குப் பக்கத்தில் யார் எழுதுவது, தடம் மாறினால் யார் திருத்துவது என்று ஆளைச் சொல்லி முடிவு செய்யுங்கள். கடைசி நேரத்தில் ஸ்பேர் வண்டியை வேறு தடத்துக்கு அனுப்பும்போதுதான் பெரும்பாலும் கோட்டை விடுவார்கள்.

அதிகாரிகள் மட்டும் டூர் போய் வருவது

மணாலியிலிருந்து ரோதாங் பக்கம் இமாசலப் போக்குவரத்துக் கழகம் 2017-இலேயே மின்பேருந்து ஓட்டிவிட்டது. திருப்பதி–திருமலை மலைப்பாதையில் 2022-இலிருந்து ஓடுகிறது. போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் திருமலை அடிவாரத்து அலிபிரிக்கு அனுப்ப வேண்டியது உங்கள் மூத்த டிரைவர் ஒருவரையும் மெக்கானிக் ஒருவரையும். அங்கே ஓட்டுகிறவரோடு பக்கத்தில் நின்று ஒரு நடை இறங்கி வந்த ஆள் சொன்னால் பணிமனையே நம்பும், பவர்பாயின்ட்டை யாரும் நம்ப மாட்டார்கள்.

கே.எம்.பி.எல். போர்டை அப்படியே விடுவது

டீசல் பணிமனையில் டிரைவரின் மரியாதை கே.எம்.பி.எல்.லில் இருக்கிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுத்தார் என்பதை வைத்துத்தான் பாராட்டும் திட்டும். அதைக் கூட்டுவதற்காக இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டுகிற பழக்கம் சிலரிடம் உண்டு, தப்பு என்று தெரிந்தே. மின்பேருந்தில் நியூட்ரல் போட்டால் ரீஜென் போய்விடும், மின்சாரமும் திரும்பாது, பிடிப்பும் இருக்காது. இதை முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட வேண்டும்.

போர்டில் கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் என்று மாற்றி எழுதினால் மட்டும் சரியாகிவிடாது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது அதே 15 டன் வண்டி 100 யூனிட்டுக்கு மேல் குடிக்கும், இறங்கும்போது திருப்பிக் கொடுக்கும். போக வர இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல், அதுவும் உதகை டவுன் சர்வீஸ்காரரோடு ஒரே பட்டியலில் போட்டு ‘நீ கடைசி’ என்றால் எந்த டிரைவர் பொறுத்துக்கொள்வார்?

கண்டக்டரை மறப்பது

சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்பேருந்துகள் கிளம்பின. வண்டியும் டிரைவரும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பு, கண்டக்டர் மாநகர் போக்குவரத்துக் கழகத்து ஆள், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கிறது. நகரத்துக்கு இந்த ஏற்பாடு ஒத்துவரலாம். இதை அப்படியே மலைக்குத் தூக்கி வர நினைப்பவர்கள் ஒரு முறை கல்லார்–குன்னூர் பாதையில் போய் வரட்டும். கொண்டை ஊசியில் எதிரே லாரி மாட்டிக்கொண்டால் கண்டக்டர் இறங்கிப் போய், பின்சக்கரத்துக்கும் ஓரச்சுவருக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கிறது என்று குனிந்து பார்த்து விசில் கொடுத்தால்தான் டிரைவர் ரிவர்ஸ் எடுப்பார். வண்டி உரசினால் எந்த முதலாளி யாரிடம் பிடித்தம் செய்வார் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லையென்றால், விசில் கொடுக்க ஆள் இறங்க மாட்டார். அவரைச் சொல்லிக் குற்றமும் இல்லை.

இன்னொன்று, சத்தம். டீசல் வண்டி முக்கிக்கொண்டு ஏறுவது முந்தின வளைவிலேயே கேட்டுவிடும், எதிரே வருகிறவர் ஒதுங்கி நிற்பார். மின்பேருந்து பூனை மாதிரி வந்து நிற்கும். மூடுபனியில் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் நடந்து போவார்கள், காட்டுமாடு ரோட்டில் நிற்கும். ஹாரன் எந்தெந்த வளைவில் அடிப்பது என்பதை டிரைவரும் கண்டக்டரும் சேர்ந்தே முடிவு செய்யட்டும், ஆபீஸிலிருந்து சர்க்குலர் வேண்டாம்.

மெக்கானிக்கிடம் மழுப்புவது

டீசல் பம்ப், நாசில் வேலையில் கை தேர்ந்தவரிடம் போய் ‘உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது’ என்று சொல்லாதீர்கள். எஞ்சின் இல்லாத வண்டியில் எஞ்சின் மெக்கானிக்குக்கு என்ன வேலை என்று அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும். யாரை உயர் மின்னழுத்தப் பயிற்சிக்கு அனுப்புவீர்கள், யார் பிரேக், சஸ்பென்ஷன், ஏர் லைன் வேலையில் தொடர்வார்கள், ரிட்டயர்மென்ட் நெருங்கியவர்கள் மிச்ச டீசல் வண்டிகளோடு இருந்துகொள்ளலாமா, எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு கேபிளைத் தொடாதே என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் பயிற்சி முடிந்தது என்கிறவர்களையும் பார்த்தாயிற்று.

சீசனில் தொடங்குவது

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம்.

டீசல் வண்டிகளை உடனே தள்ளிவிடுவது

தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து லைன் அறுந்தால் கூடலூர்ப் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போகிறது, வண்டிகள் பாதி சார்ஜில் நிற்கின்றன என்றால், எதை எந்தத் தடத்துக்கு விடுவது, எதற்குப் பதில் டீசல் எடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை அந்த நேரத்தில் பணிமனையில் இருப்பவருக்கு இருக்க வேண்டும், மேலதிகாரி போனை எடுக்கும்வரை காத்திருந்தால் முதல் நடை போய்விடும். அதற்குப் பணிமனையில் டீசல் வண்டி இருக்க வேண்டுமே. ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டிப் பார்க்காமல் ஏலம் விடாதீர்கள். அவற்றின் எஃப்.சி.யையும் (தகுதிச் சான்று) இன்ஷூரன்ஸையும் நாள் தவறாமல் புதுப்பித்து வையுங்கள், நிற்கிற வண்டிதானே என்று விட்டுவிட்டால் அவசரத்துக்கு ரோட்டில் இறக்க முடியாது.