தேசபக்தி ஸ்டாம்ப் டிசைன் போட்டி: எங்கெல்லாம் சொதப்புறாங்க

ஆகஸ்ட் நெருங்கினா குன்னூர், கோத்தகிரி பக்கம் புள்ளைங்க ஸ்டாம்ப் வரையணும்னு ஏ4 பேப்பரோட உக்காந்துடுவாங்க. நல்லாத்தான் வரையறாங்க, ஆனா வர்றது ஸ்டாம்ப் இல்ல, மளிகைக்கடை காலண்டர். காந்தி, நேதாஜி, செங்கோட்டை, ராக்கெட், டிராக்டர், பத்தாததுக்கு மூலையில நம்ம டீ எஸ்டேட். அச்சாகி வந்தா அது சுமார் 4 செ.மீ.க்கு 3 செ.மீ. தாங்க, அதுல இத்தனை பேர் எங்க உக்காருவாங்க? வரைஞ்சதை மொபைல்ல போட்டோ எடுத்து கேலரியில குட்டி கட்டமா தெரியும்ல, அந்த சைஸ்ல பாருங்க, என்னன்னு புரியலைன்னா பாதியை தூக்கிடுங்க. சுதந்திர இந்தியாவோட முதல் ஸ்டாம்ப் 1947 நவம்பர் 21-ல வந்துச்சு, மூணரை அணா, பறக்குற கொடி, ஜெய்ஹிந்த், கொஞ்சம் எழுத்து, அவ்ளோதான்.

அதிகமா அடிவாங்குறது கொடிதான். நீளம் 3 பங்குன்னா உயரம் 2 பங்கு, சக்கரம் கருநீலம், அதுல இருக்குற ஆரம், அதாவது நடுவுல இருந்து விளிம்புக்கு போற கோடு, 24. கொடியை ஓரத்துல குட்டியா போட்டுட்டு இடமில்லைன்னு பத்து பன்னெண்டு ஆரத்தோட முடிச்சுடறாங்க. இடம் பத்தலைன்னா கொடியை பெருசாக்குங்க, ஆரத்துல கை வைக்காதீங்க. செங்குத்தா தொங்கவிட்டா காவி, பார்க்கறவங்களுக்கு இடது பக்கம் வரணும், இதை பெரியவங்களே மாத்தி போடுறாங்க.

சிங்க முத்திரை பக்கம் போகாம இருக்கறதே நல்லது, அதை யார் எங்க பயன்படுத்தலாம்னு 2005-ல சட்டமே இருக்கு. அதோட அடியில வலது பக்கம் காளை, இடது பக்கம் குதிரை, முக்கால்வாசி படத்துல ரெண்டும் ஒரே மாதிரி நாய்க்குட்டி கணக்கா இருக்கும். மேப் போட்டா அந்தமானும் லட்சத்தீவும் காணாம போயிடும். அத்தனை சின்ன சைஸ்ல மேப்பே எதுக்குன்னு எனக்கு தோணும்.

எழுத்துக்கு இடம் விடாம முழுசும் வரைஞ்சுட்டு கடைசியில கொடி மேலயே விலையை எழுதறது இன்னொரு கூத்து. நாட்டோட பேர் ஆங்கில எழுத்துல, விலை எண்ல இருக்கணும்னு சர்வதேச தபால் விதியே இருக்கு, பிரிட்டன் மட்டும் பேருக்கு பதிலா ராஜா ராணி தலையை போட்டு தப்பிச்சுக்கும். நம்ம ஸ்டாம்ப்ல இந்தியில பாரத்னும் சேர்ந்து வரும். இதுக்கெல்லாம் முதல்லயே பென்சில்ல கட்டம் போட்டுக்கோங்க.

அப்புறம் காப்பியடிக்கறது. பாரதிக்கு 1960-லயே ஸ்டாம்ப் வந்தாச்சு, வ.உ.சி.க்கு 1972, திருப்பூர் குமரனுக்கு 2004. குன்னூர்ல இருந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்ஷாவுக்கும் அவர் பக்கத்து வெலிங்டன்ல காலமான 2008-லயே வந்துடுச்சு. கூகுள்ல கிடைக்குற அதே முகத்தை டிரேஸ் பண்ணா ஜட்ஜுக்கு ஒரு பார்வையில தெரிஞ்சுடும். 1934-ல காந்தி குன்னூர் வந்து தங்கினாரே, பனி மூடின ரோட்டுல கைத்தடியோட நடக்குற ஒரு உருவம், பின்னாடி மலைக்கோடு மட்டும், இதை ஏன் யாருமே வரையறதில்லைன்னு தெரியல. கூட நம்ம நீலகிரி பழங்குடி தோடர்களோட போர்வையை கொண்டு வரணும்னா முழு பூ வேலையும் போடாதீங்க, அச்சுல சிவப்பும் கருப்பும் கலந்து அப்பிடும், ரெண்டு பட்டை கோடு போதும்.

நம்ம ஊர் ஆகஸ்ட் ஈரத்துல போஸ்டர் கலர் லேசுல காயாது, காயாம பாலிதீன்ல போட்டா கலர் அதுலயே ஒட்டிக்கிட்டு வந்துடும், அதனால கலர் பென்சிலோ இங்க்கோ பெட்டர். பேப்பரை மடிக்காம ரெண்டு அட்டைக்கு நடுவுல வெச்சு அனுப்புங்க. கம்ப்யூட்டர்ல வரைஞ்சு பிரிண்ட் எடுத்தா சில போட்டியில எடுத்துக்கவே மாட்டாங்க, சிலதுல ஓகே, அறிவிப்பை முழுசா படிச்சுட்டு பேப்பரை எடுங்க.