நிலவறைக்கு ஹீட்டர் வாங்குவதற்கு முன்

குளிர் நாடுகளுக்குப் புதிதாக வருபவர்களில் பலருக்கு முதல் இருப்பிடமாக அமைவது, பேச்சு வழக்கில் பேஸ்மென்ட் எனப்படும் நிலவறைதான். மேல்தளம் வெதுவெதுப்பாக இருக்கையில் கீழே கால் விறைத்துப்போவதைக் கண்டு, வந்த வாரத்திலேயே கண்ணில் பட்ட ஹீட்டரை வாங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் வாங்கினேன். அறை ஏன் குளிர்கிறது என்பதை அப்போது யோசித்திருந்தால், பாதிப் பிரச்சினை செலவில்லாமலே தீர்ந்திருக்கும்.

ஒரே உலையிலிருந்து வீடு முழுவதற்கும் வெப்பக் காற்று செல்லும் நடு வெப்பமூட்டல் உள்ள வீடுகளில், வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மேல்தளத்துச் சுவரில் இருக்கும். அங்கே குறித்த வெப்பநிலை வந்தவுடன் உலை நின்றுவிடும். சூடான காற்று மேலே எழும் இயல்புடையது என்பதால், கீழ்த்தளம் எப்போதும் பின்தங்கியே இருக்கும். ஆகவே வெப்பக் காற்று வரும் துவாரங்கள் மூடியிருக்கின்றனவா, கட்டிலோ பெட்டிகளோ அவற்றை மறைக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, கான்கிரீட் சுவரும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மரச்சட்டமும் சேரும் இடத்திலும், சிறு ஜன்னல்களின் ஓரத்திலும் கையை வைத்துப் பார்த்தால் குளிர்காற்று நுழைவது தெரியும். அதை அடைப்பதும், வெறும் தரைமீது தடித்த விரிப்பு ஒன்றைப் போடுவதும் சிறிய ஹீட்டருக்கு ஈடான பலனைத் தரக்கூடும்.

சுவரில் ஈரக்கசிவோ, உப்புப் பூத்தது போன்ற வெள்ளைப் பொடியோ, பூஞ்சண வாடையோ இருந்தால் அது ஹீட்டரால் தீரும் காரியமன்று. காற்றின் ஒப்பு ஈரப்பதத்தை 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருப்பது நல்லது. அதற்கு ஈரம் உறிஞ்சும் கருவி வேண்டியிருக்கலாம். அது இயங்கும்போது தானும் சிறிது வெப்பத்தை வெளிவிடும் என்பது குளிர்காலத்தில் ஒரு கூடுதல் நன்மை.

இவற்றுக்குப் பிறகும் குளிர்ந்தால் ஹீட்டரைப் பற்றி யோசிக்கலாம். சொருகிப் பயன்படுத்தும் மின் ஹீட்டர்களுள் ஒன்று மற்றொன்றைவிட மின்சாரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். 1500 வாட் எடுக்கும் எந்த ஹீட்டரும், மலிவானதோ விலை உயர்ந்ததோ, மணிக்கு ஒன்றரை யூனிட் மின்சாரத்தைச் செலவிட்டு ஏறத்தாழ 5100 பிடியு (BTU என்ற வெப்ப அளவை) வெப்பத்தைத்தான் தரும். வேறுபாடு அந்த வெப்பம் வந்துசேரும் விதத்தில்தான் இருக்கிறது. மின்விசிறி வைத்தது சில நிமிடங்களில் அறையைச் சூடாக்கும்; ஆனால் சத்தமிடும், நிறுத்தியவுடன் குளிர் திரும்பிவிடும். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் மெதுவாகவே சூடேறும், ஓசையின்றி நெடுநேரம் வெப்பத்தைத் தாங்கி நிற்கும்; படுக்கையறைக்கு நான் பரிந்துரைப்பது இதையே. அகச்சிவப்பு ஹீட்டர் காற்றைவிட எதிரில் இருப்பவரையே சூடாக்குவதால், மேசையில் அமர்ந்து வேலை செய்பவருக்கு மட்டும் பொருந்தும்.

அளவைப் பொறுத்தவரை, வெப்பம் வெளியேறாதபடி ஓரளவு காப்பு உள்ள அறைக்கு ஒரு சதுர அடிக்கு 10 வாட் என்பது பொதுவான கணக்கு. 150 சதுர அடி அறைக்கு 1500 வாட் போதும். முழு நிலவறையையும் அந்த ஒரே ஹீட்டரால் சூடாக்க முயன்றால் மின்கட்டணம் மட்டுமே ஏறும். 1500 வாட் ஹீட்டர் இரவில் எட்டு மணி நேரம் இடைவிடாது ஓடினால் 12 யூனிட், மாதத்துக்கு 360 யூனிட் ஆகிறது. வாடகைக்கு இருப்பவர்கள், மின்கட்டணம் வாடகைக்குள் அடங்குமா என்பதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் பிற்பாடு மனக்கசப்பு வராது. சொந்த வீடாக இருந்து, அறையை ஆண்டுதோறும் பயன்படுத்துவதாக இருந்தால், வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே கொண்டுவரும், சுவரில் பொருத்தும் ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டு மூன்று யூனிட் வெப்பம் தரும் என்பதால், தொடக்கச் செலவு அதிகமானாலும் அதுவே லாபம்.

மின் இணைப்பில்தான் பலரும் தவறுகிறார்கள். 120 வோல்ட் உள்ள நாடுகளில் 1500 வாட் ஹீட்டர் 12.5 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் சுற்றில் வேறொரு பெரிய கருவியும் ஓடினால் பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றுவிடும். 230 வோல்ட் நாடுகளில் இந்த நெருக்கடி குறைவு. எங்கே இருந்தாலும் ஹீட்டரை நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் சொருக வேண்டும். நீட்டிப்பு வயரிலோ பல சாக்கெட் பலகையிலோ சொருகுவது தீ விபத்துக்கு வழி. கவிழ்ந்தால் தானே அணையும் வசதியுள்ளதையே வாங்குங்கள். திரைச்சீலை, மெத்தை, உலரப்போட்ட துணி ஆகியவற்றிலிருந்து அது ஒரு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும்.

மண்ணெண்ணெய், எரிவாயு, கரி என எரித்துச் சூடேற்றும் எந்தக் கையடக்கக் கருவியையும் நிலவறைக்குள் கொண்டுவரவே கூடாது. அவை வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடக்கூடும். வீட்டின் எரிவாயு உலையும் பெரும்பாலும் இதே தளத்தில்தான் இருக்கும் என்பதால், மின் ஹீட்டர் வைத்திருப்பவருக்கும் கார்பன் மோனாக்சைடை உணர்ந்து ஒலிக்கும் அலாரம் அவசியம்.

புதிய ஹீட்டரை முதல் நாள் நீங்கள் விழித்திருக்கும்போதே இயக்குங்கள். அரை மணி நேரம் கழித்துப் பிளக்கையும் வயரையும் தொட்டுப் பாருங்கள். இலேசான சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிட்டு, அந்தச் சாக்கெட்டை மின்பணியாளர் ஒருவர் பார்க்கும்வரை எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.