கறித்தூளைக் கனடாவுக்கு அனுப்ப முன்

ஸ்காபரோவில் இருக்கிற சித்தி "உங்கட தூள் மாதிரி இங்க ஒரு கடையிலும் இல்லை" என்று சொன்னவுடனே கடன் எடுத்து மில் போடுவதுதான் முதல் தவறு. சித்தி பொய் சொல்லவில்லை, ஆனால் அவருக்கு அது சூட்கேசில் சும்மா வந்த தூள். காசு கொடுத்து வாங்கி, முடிந்ததும் திரும்பத் தேடி வருகிற ஆட்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு மில்லைப் பற்றி யோசியுங்கள்.

அடுத்தது, டொலர் ஏறினால் ஏற்றுமதிக்காரருக்கு இலாபம் என்ற நம்பிக்கை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதம் 360 வரை போனது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று ரூபாயிலேயே விலை பேசியிருந்தார். நாங்கள் இடிக்கிற செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து வருவது, பொதி செய்கிற பையும் இறக்குமதி. ரூபாய் விழுந்த இலாபம் முழுக்க வாங்கினவருக்கு, செத்தல் விலை ஏறிய நட்டம் முழுக்க அக்காவுக்கு. விலையை டொலரில் பேசுங்கள், அதையும் ஒரு மாதத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

நான் அதிகம் கவலைப்படுவது காயவைக்கிற விஷயத்தில்தான். முற்றத்தில் படங்கு விரித்துப் பரப்பிய மிளகாயைப் பின்னேரம் அப்படியே சுருட்டி மூடிவிட்டால் உள்ளே வேர்க்கும், அந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அது விடுகிற அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது, வறுத்தாலும் முழுக்கப் போகாது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோ மிளகாய்த்தூளில் மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் எடுக்காது. பாரிசுக்கோ பேர்லினுக்கோ போன சரக்கு அங்கே பிடிபட்டால் திருப்பி எடுக்கிற செலவும் உங்கள் தலையில் விழலாம். காம்பில் பிடித்துக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும், அதுவரை சாக்கில் கட்டாதீர்கள், பிறகு ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியைக் கொடுத்துப் பாருங்கள்.

லேபல் தமிழில் அழகாக இருந்தால் மட்டும் போதாது. கனடாவுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் கட்டாயம். அதே மில்லில் எள்ளோ கடுகோ இடிக்கிறீர்கள் என்றால் அதையும் வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், இரண்டும் அங்கே ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கின்றன.

அப்புறம் விலை எஃப்.ஓ.பி.யா, சி.ஐ.எஃப்.ஆ என்று வாங்குபவர் கேட்டால் தெரியாமல் தலையாட்டாதீர்கள். முதலாவதில் கொழும்பில் கப்பலில் ஏற்றும் வரைக்கும்தான் உங்கள் செலவு, யாழ்ப்பாணத்திலிருந்து போகிற லொறிக் கூலியும் அதற்குள் அடக்கம். இரண்டாவதில் கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்து உங்கள் செலவில் வரும்.