கோலசைத்து இசைக்குழுவை நடத்தும் விஆர் விளையாட்டு: தொடக்கநிலையினருக்கான செய்முறை

இந்த விஆர் (மெய்நிகர் உண்மை) விளையாட்டில் ஆடுபவர் ஹெட்செட்டை அணிந்து, வலக்கைக் கன்ட்ரோலரைக் கோலாகப் பிடித்து ஓர் இசைக்குழுவை நடத்துகிறார். முதல் முயற்சிக்குப் பெரிய சிம்பொனி வேண்டாம். மோட்சார்ட் 1787-இல் எழுதிய ‘ஐனெ க்ளைனெ நாஹ்ட்மூசிக்’ தந்திக் கருவிகளுக்கு மட்டுமே உரியது. அதன் முதல் பகுதி ஓர் அளவைக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) நான்கு அடிகள் கொண்டது.

முதலில் யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் விஆர் திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆடுபவரின் இடப்புறம் முதல் வயலின்களையும் வலப்புறம் செல்லோக்களையும் அமர்த்துங்கள்.

அடுத்தது இசைக் கோப்பு. சாதாரண ஒலிப்பதிவை 1.2 மடங்கு வேகத்தில் ஓட்டினால் சுருதியும் ஏறத்தாழ மூன்று அரைச்சுரங்கள் ஏறிவிடும். ஆகவே மிடி கோப்பைப் பயன்படுத்துங்கள்; அதில் ஒலி இல்லை, எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பு மட்டுமே இருப்பதால் வேகத்தை விருப்பப்படி மாற்றலாம். யூனிட்டியிலேயே மிடியை இசைக்கும் வசதி இல்லாததால், அதற்கொரு செருகுநிரலைத் தனியே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது படிதான் விளையாட்டின் உயிர். நான்கடி அளவையில் கோல் கீழே, இடம், வலம், மேல் என நகர்கிறது. தொடக்கத்தில் இந்தத் திசைகளைச் சரிபார்க்க வேண்டாம், ஏனெனில் ஒவ்வொரு அடியும் கோல் இறங்கித் துள்ளும் அந்தத் தாழ்ந்த புள்ளியில்தான் விழுகிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் (திரையில் தோன்றும் ஒவ்வொரு படச்சட்டத்திலும்) கன்ட்ரோலரின் செங்குத்து வேகத்தைக் கணக்கிட்டு, அது எதிர்மறையிலிருந்து நேர்மறைக்கு மாறும் கணத்தை அடியாகக் கொள்ளுங்கள். இறங்கிய வேகம் நொடிக்கு அரை மீட்டரைத் தாண்டியிருந்தால் மட்டும் ஏற்பது, முந்தைய அடியிலிருந்து 0.25 நொடிக்குள் வருவதை ஒதுக்குவது என்ற இரண்டு நிபந்தனைகள் கைநடுக்கத்தை வடிகட்டிவிடும். இந்த எண்கள் தொடக்க மதிப்புகளே. ஆடிப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடி விழுந்த பிறகு ஒலியை எழுப்பினால் இசை எப்போதும் பிந்தியே கேட்கும். கடைசி நான்கு அடிகளின் சராசரி இடைவெளியைக் கொண்டு அடுத்த அடியின் நேரத்தைக் கணித்து, அதற்குரிய சுரங்களை ஒலியின் நேரத்தைத் துல்லியமாக அளக்கும் யூனிட்டியின் டிஎஸ்பி கடிகாரத்தில் முன்கூட்டியே பதிந்துவையுங்கள். கணிப்பு பிசகினால் இசையைச் சட்டென்று தாவவிடாமல், அடுத்த இரண்டு அடிகளில் சிறிது சிறிதாகச் சரிசெய்யுங்கள்.

இடக்கையின் உயரத்தை ஒலியளவோடும், தலை திரும்பும் திசையைக் கருவிப் பிரிவோடும் இணைத்துவிட்டால், செல்லோக்களைப் பார்த்துக் கையை உயர்த்தும்போது அவை மட்டும் ஓங்கி ஒலிக்கும்.

இறுதியாக, இசை நடத்திப் பழகாத ஒருவரை ஆடச் சொல்லிச் சோதியுங்கள். அவர் பெரும்பாலும் இசையைக் கேட்ட பிறகே கையை இறக்குவார். விளையாட்டோ அவர் கைக்காகக் காத்திருக்கும். இப்படி ஒருவருக்கொருவர் காத்திருப்பதில் வேகம் ஊர்ந்து ஊர்ந்து தேய்ந்துவிடும். ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவான வேக மாற்றங்களைப் பொருட்படுத்தாதபடி நிரலில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு குறையும்.