சிறிய ராஸ் மீன் வாங்குமுன்: அது எங்கே உறங்கும்?

டர்பனில் உப்புநீர்த் தொட்டி வைக்கும் நம்மவர்கள் பலரும் க்ளௌன் மீனுக்கு அடுத்து ஆசைப்படுவது பவளப்பாறைகளில் வாழும் ராஸ் (wrasse) மீனுக்குத்தான். ஓயாத சுறுசுறுப்பு, கண்ணைப் பறிக்கும் நிறம், ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இரவில் அது எங்கே உறங்கும் என்பது தெரிந்தால், தொட்டியை எப்படி அமைப்பது என்பதில் பாதி தெளிவாகிவிடும்.

படி 1: அடையாளம் காணுங்கள்

சிக்ஸ்லைன் ராஸ்: ஊதாவும் ஆரஞ்சும் கலந்த உடலில் ஆறு நீலக் கோடுகள், பச்சை வால், வால் தொடங்கும் இடத்தில் ஒரு கரும்புள்ளி. வளர்ந்தாலும் 8 செ.மீ. அளவில் நின்றுவிடும். பாறை இடுக்கில், தன்னைச் சுற்றிச் சளியால் உறை பின்னிக்கொண்டு உறங்கும்.

ஃபேரி ராஸ்: இதுவும் சளி உறைக்குள் உறங்குவதுதான். இவற்றில் எக்ஸ்க்விசிட் என்ற இனம் நம் சோட்வானா விரிகுடா வரை வாழ்கிறது. அந்தப் பகுதி பாதுகாக்கப்பட்ட கடல். அங்கே பார்த்து ரசிப்பதோடு நிறுத்திக்கொண்டு, மீனைக் கடையில் வாங்குங்கள்.

மஞ்சள் ராஸ்: உடல் முழுவதும் மஞ்சள், முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் கரும்புள்ளி. இது மணலுக்குள் உறங்கும்.

இனி, வாங்கக் கூடாதவை. வெள்ளை உடலில் இரண்டு ஆரஞ்சுத் திட்டுகளோடு ஒரு குட்டி கண்ணில் பட்டால் அது க்ளௌன் கோரிஸ் என்ற பெரிய ராஸ்; ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. சிவப்பு உடலில் கறுப்பு விளிம்பிட்ட வெள்ளைத் திட்டுகள் இருந்தால் அதுவும் கோரிஸ் குட்டிதான். வீட்டுத் தொட்டி இவற்றுக்குச் சிறை. மற்ற மீன்களின் மேலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்னும் க்ளீனர் ராஸும் வேண்டாம். பெரும்பாலும் தொட்டியில் அது பட்டினியால் மெலிந்து செத்துப்போகிறது. அதைப் போலவே தோற்றமளித்து மற்ற மீன்களின் துடுப்பைக் கடிக்கும் ஒரு ப்ளென்னி மீனும் உண்டு. வாயைப் பாருங்கள்: ராஸுக்கு வாய் முகத்தின் நுனியில் இருக்கும், ப்ளென்னிக்கு மூக்குக்குக் கீழே உள்வாங்கியிருக்கும்.

படி 2: தொட்டி

சிக்ஸ்லைனுக்கு 100 லிட்டராவது வேண்டும். ஃபேரிக்கு 200 லிட்டருக்கு மேல். நீரின் ஒப்படர்த்தி (உப்பின் அளவைக் காட்டும் எண்) 1.025, வெப்பம் 24 முதல் 26 டிகிரி. நம் ஊர் கோடையில் வெப்பம் எளிதில் ஏறிவிடும். நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி ஒரு சிறு மின்விசிறி வையுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் கட்டாயம்.

கடல்நீரை வாளியில் மொண்டுவந்து ஊற்ற வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பின் கழிவுநீர் கலந்து கடற்கரைகள் மூடிக்கிடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். வடிகட்டிய நீரில் தொட்டிக்கான கடலுப்பைக் கலப்பதே பாதுகாப்பு. புதுத் தொட்டி நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை மீன் வாங்காதீர்கள். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

மஞ்சள் ராஸ் வேண்டுமென்றால் நுண்மணலை 5 செ.மீ. ஆழத்துக்குப் பரப்புங்கள். பொடித்த பவளக் கற்கள் ஆகாது. அவை உடலைக் கீறிவிடும்.

படி 3: மீனை விடுதல்

மீன் வந்த பையின் நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகக் கலந்து மீனைப் பழக்குங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு மீனை விடுங்கள். மஞ்சள் ராஸ் நீருக்குள் நுழைந்ததும் தலைகுப்புற மணலில் பாயும். ஓர் அசைவில் வால்வரை மறைந்துவிடும். அதன்பின் சில நாட்கள் தலைகாட்டாமலே இருக்கலாம். இறந்துவிட்டதென்று மணலைக் கிளறாதீர்கள், தயவுசெய்து. அதன் உடல் இன்னும் பழைய கடலின் பகலிரவுக் கணக்கில் இருக்கிறது. தானே வெளியே வரும். நோய் இருக்கிறதா என்று பார்க்கப் புது மீனை முதலில் தனிமைத் தொட்டியில் வைப்பதானாலும் ஒரு கிண்ணத்தில் மணல் நிரப்பி வையுங்கள்.

சிக்ஸ்லைனை எல்லா மீன்களுக்கும் கடைசியாக, ஒன்றே ஒன்றாக விடுங்கள். இடம்பிடித்துவிட்டால் புதிதாக வருகிற சிறு மீன்களைத் துரத்தித் துரத்தி அடிக்கும். ஃபேரியில் ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களும் போதும். ஆண் இல்லாமல் போனால் பெண்களில் ஒன்று ஆணாக மாறிவிடும்.

படி 4: உணவும் மூடியும்

மைசிஸ் இறாலைச் சிறிது சிறிதாக, நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொடுங்கள். வயிறு உள்வாங்கியிருந்தால் வேளையைக் கூட்டுங்கள்.

ராஸ் துள்ளும். மிரண்டால் சிறு இடைவெளி வழியாகக்கூட வெளியே பாய்ந்துவிடும். 6 மி.மீ. கண் உள்ள வலையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித் தொட்டியை மூடுங்கள். ஹீட்டர் வயரும் குழாயும் நுழையும் மூலைகளைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அங்கேயும் வலையை வெட்டிப் பொருத்திவிட்டு, அதன் பிறகே மீன் வாங்கக் கடைக்குக் கிளம்புங்கள்.