இரண்டு நாள் பாங்காக்: எப்போது சாப்பிடுவது, எங்கே வாங்குவது

சாட்டுச்சாக் சந்தையில் நீலப்பூ போட்ட ஒரு பீங்கான் கிண்ணத்தைப் பார்த்தேன். விலையும் கட்டுப்படியாகிற விலைதான். "ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளலாம்" என்று நகர்ந்தேன். அதன் பிறகு இரண்டு மணி நேரம் தேடியும் அந்தக் கடை கண்ணில் படவேயில்லை. அம்மா ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். தம்பி மூன்றாவது இளநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

அந்தப் பயணத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை, முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். பாங்காக்கில் பட்டியல் போட்டுக்கொண்டு அலையக்கூடாது, வெயிலைப் பார்த்து நடக்க வேண்டும். காலையில் திறந்தவெளிச் சந்தை, உச்சி வெயிலில் ஏசி, இருட்டியதும் தெருக்கடை. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கணக்கில்தான் போகின்றன.

படி 1: கிழமை பார்த்து டிக்கெட் போடுங்கள்

சாட்டுச்சாக் சந்தை முழுமையாக நடப்பது சனி, ஞாயிறு மட்டும்தான். அதனால் வெள்ளி இரவு இறங்கி திங்கள் கிளம்புவது தோதாக இருக்கும். நடு வாரத்தில் போகிறவர்கள் சந்தையை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். பூட்டிய கடைகளுக்கு நடுவே நடப்பதில் ஒன்றுமில்லை.

தங்குமிடத்தை பிடிஎஸ் எனப்படும் மேம்பால ரயில் நிலையத்துக்குப் பக்கமாக எடுங்கள். அறை கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரம் குறையும்.

படி 2: கையில் சில்லறை

தெருக்கடைகளில் உள்ளூர்க்காரர்கள் க்யூஆர் காட்டிப் பணம் கட்டுவதைப் பார்த்து, நம் ஃபோனிலும் அப்படியே நடந்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். ரொக்கம் வேண்டும். சுவர்ணபூமி விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கண்ணில் படுகிற கவுன்டரில் மாற்றுவதைவிட, அடித்தளத்தில் ரயில் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கவுன்டர்களில் விலை நன்றாக இருக்கும். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டை போட்டால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு (பாட் என்பது தாய்லாந்து நாணயம்) மேல் கட்டணம் பிடிப்பார்கள். எடுப்பதானால் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள்.

ஆயிரம் பாட் நோட்டை நீட்டினால் வண்டிக்கடைக்காரர் பாவமாகப் பார்ப்பார். அதை செவன் இலெவனில் தண்ணீர் பாட்டில் வாங்கி உடைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: முதல் சாப்பாடு ஃபுட் கோர்ட்டில்

நேராகத் தெருக்கடைக்குப் போகாமல், முதலில் ஒரு மால் ஃபுட் கோர்ட்டில் பழகிக்கொள்வது நல்லது. படம் இருக்கும், விலை எழுதியிருக்கும், பேச வேண்டிய வேலை குறைவு. அசோக் நிலையத்தை ஒட்டிய டெர்மினல் 21 மாலில் இருக்கும் பியர் 21 என்ற ஃபுட் கோர்ட் இதற்கு ஏற்ற இடம். மாலுக்குள் இருந்தாலும் விலை கிட்டத்தட்டத் தெரு விலைதான்.

கவுன்டரில் பணம் கட்டி ஒரு அட்டை வாங்க வேண்டும். ஆளுக்கு 150 பாட் போட்டால் தாராளம். கடையில் அட்டையை நீட்டினால் கழித்துக்கொள்வார்கள். மிச்சத்தை அன்றே அதே கவுன்டரில் திருப்பி வாங்கிவிடுங்கள்.

தட்டோடு கரண்டியும் முள்கரண்டியும் வரும். கரண்டி வலது கையில், அதில்தான் சாப்பிட வேண்டும். முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குள் தள்ளிவிட மட்டும். குச்சி நூடுல்ஸுக்குத்தான். நூடுல்ஸ் கடை மேசையில் மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர், மீன் சாறு, சர்க்கரை என்று நான்கு கிண்ணங்கள் இருக்கும். சர்க்கரை டீக்கு என்று நினைத்தேன். நூடுல்ஸில் போடுவதற்காம்! ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள், புளிப்பும் காரமும் சேர்ந்து வேறு மாதிரி ஆகிவிடும்.

படி 4: சைவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்

நமக்கு உப்பு எப்படியோ, தாய்லாந்துக்காரர்களுக்கு மீன் சாறு அப்படி. அதை அவர்கள் மொழியில் "நாம் ப்லா" என்பார்கள். "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் இறைச்சி வராது, மீன் சாறு வரும். பச்சைப் பப்பாளியைச் சீவி உரலில் இடித்துத் தரும் சோம் தாமைப் பார்த்து, காய்தானே என்று அம்மா ஆசைப்பட்டார். முதல் வாயிலேயே கருவாட்டு வாடை. கிளறிப் பார்த்தால் கூனி. கடைக்காரம்மா மேல் தப்பில்லை, நாங்கள் கேட்ட மாதிரி அவர் கறி எதுவும் போடவில்லை.

அங்கே கைகொடுக்கும் சொல் "ஜே". "கின் ஜே" என்றால் நான் சுத்த சைவம் என்று பொருள். இது சீன வழி வந்த விரதச் சாப்பாடு. மீன் சாறு, முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூட கிடையாது. அம்மாவுக்கு ஏகாதசிச் சமையல் மாதிரி இருந்ததாம். ஜே கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும். தாய்லாந்து எழுத்து தெரியாவிட்டாலும் கவலையில்லை, பார்க்க 17 என்று எழுதியது போலவே இருக்கும். செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் ஒன்பது நாள் சைவத் திருவிழாவின்போது சீனர் தெரு முழுக்க இந்தக் கொடிதான். முட்டை, பால் சாப்பிடுகிறவர்கள் "மங்சாவிராட்" என்று சொல்லலாம், ஆனால் கூடவே "மாய் சாய் நாம் ப்லா", அதாவது மீன் சாறு போடாதீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

காரம் வேண்டாம் என்றால் "மாய் பெட்". நாங்கள் ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்ற தைரியம் இங்கே செல்லாது. தம்பியைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வான்.

அசைவர்களுக்கு ஒரு உபரித் தகவல்: ஊரெல்லாம் விற்கும் பாட் கப்ராவ் என்பது அரைத்த கறியைத் துளசி போட்டு வதக்கியது. நம் வீட்டு மாடத்துத் துளசியேதான். அம்மாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.

படி 5: சனி காலை, சாட்டுச்சாக்

எம்ஆர்டி சுரங்க ரயிலில் கம்பேங் பெட் நிலையத்தில் இறங்கினால் நேராகச் சந்தைக்குள்ளேயே ஏறலாம். பிடிஎஸ்ஸில் வந்தால் மோ சிட். ஒன்பது, ஒன்பதரைக்கு உள்ளே இருங்கள். பன்னிரண்டுக்கு மேல் தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியாது.

சந்தை 27 பிரிவுகளாக இருக்கிறது. துணி, மண்பாண்டம், செடி, பழைய சாமான் என்று ஓரளவு வகை பிரித்திருந்தாலும் சந்துகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். நடுவில் ஒரு மணிக்கூண்டு உண்டு. குடும்பத்தில் யாராவது பிரிந்துபோனால் அங்கே வந்து நிற்க வேண்டும் என்று உள்ளே நுழையும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு பொருள் பிடித்து, விலை ஒத்துவந்தால் அங்கேயே வாங்கிவிடுங்கள். யோசிக்க வேண்டுமானால் கடைப் பலகையில் இருக்கும் பிரிவு எண், சந்து எண்ணை ஃபோனில் படம் எடுங்கள். என் நீலப்பூக் கிண்ணம் போனது இந்த ஒரு படம் எடுக்காததால்தான்.

பேரம் உண்டு. ஆனால் நம் ஊர் மாதிரி பாதிக்குப் பாதி கேட்டால் முகம் வாடிவிடும். "தாவ் ராய்?" என்று விலை கேளுங்கள், பிறகு சிரித்தபடி "லொட் தாய் மாய்?" என்று, குறைக்க முடியுமா எனக் கேளுங்கள். ஆண்கள் கடைசியில் "க்ரப்", பெண்கள் "கா" சேர்த்தால் மரியாதை. ஒன்றுக்கு இரண்டாக வாங்கினால் இன்னும் இறங்கும். சாப்பாட்டுக் கடையில் பேரம் பேசாதீர்கள்.

நடுவில் தேங்காய்ச் சிரட்டையில் தரும் தேங்காய் ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள். மேலே வேர்க்கடலை போடச் சொல்லுங்கள்.

படி 6: உச்சி வெயில்

சாலைக்கு எதிர்ப்பக்கம் "ஓர் தோர் கோர்" என்ற சந்தை. காய்கறி, பழம், சமைத்த சாப்பாடு எல்லாம் சுத்தமாக அடுக்கியிருக்கும். விலை கூடுதல்தான், தரம் அதற்கு மேல். மார்ச் முதல் மே வரை போகிறவர்கள் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய பசைச்சோறும் தவறவிடக்கூடாது. முதலில் அம்மா "சோற்றில் மாம்பழமா?" என்றார், பிறகு இன்னொன்று வாங்கச் சொன்னார். துரியான் வாங்கினால் அங்கேயே தின்றுவிடுங்கள். ரயிலிலும் பெரும்பாலான ஹோட்டல்களிலும் அதற்கு அனுமதி இல்லை.

பிறகு அறைக்குப் போய் பையை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் படுங்கள். இதுவும் திட்டத்தில் சேர்த்திதான்.

படி 7: இருட்டியதும் யாவ்ராட்

சீனர் தெருவான யாவ்ராட்டுக்கு 2019-இல் திறந்த வாட் மங்கோன் சுரங்க ரயில் நிலையம் வழியாகப் போகலாம். ஆறு மணிக்கு மேல்தான் களைகட்டும். இரண்டு பேருக்கு ஒரு தட்டு என்று வாங்கினால் நான்கைந்து கடை பார்க்கலாம். கூட்டம் நிற்கிற, கண்ணெதிரே சமைக்கிற கடையாகப் பாருங்கள். நடுவே ஓட்டை உள்ள உருளை ஐஸ் ஆலையில் செய்தது, பயப்பட வேண்டாம். குழாய்த் தண்ணீர் மட்டும் குடிக்காதீர்கள்.

படி 8: ஞாயிறு, துணிமணி

பிராதுநாம் பகுதியில் உள்ள பிளாட்டினம் ஃபேஷன் மால் மொத்த வியாபாரத்துக்குப் பேர்போனது. ஒன்று வாங்கினால் ஒரு விலை, அதே கடையில் மூன்று எடுத்தால் மொத்த விலை. மூன்றும் ஒரே டிசைனாக இருக்க வேண்டுமா என்பது கடைக்குக் கடை மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான கடைகளில் போட்டுப் பார்க்க விடமாட்டார்கள். வீட்டிலிருந்தே மார்பு, இடுப்பு அளவை சென்டிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். "ஃப்ரீ சைஸ்" என்பது அவர்கள் உடல்வாகுக்கு ஃப்ரீ, நமக்கு இல்லை.

ஊருக்குக் கொடுக்கும் தின்பண்டங்களுக்கு ராட்சதம்ரி சாலையின் பிக் சி. காய்ந்த மாம்பழம், துரியான் சிப்ஸ், மூக்கில் வைத்து உறிஞ்சும் யா டோம் குப்பி எல்லாம் விமான நிலையத்தைவிட மலிவு.

வழியில் ஒரு டுக்டுக்காரர் "இன்று அரண்மனை பூட்டியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன், இருபது பாட் போதும்" என்றால் கும்பிட்டு நகருங்கள். அந்த வண்டி ரத்தினக் கடையிலோ தையல் கடையிலோதான் போய் நிற்கும்.

மாலையில் நேரம் மிஞ்சினால் சிலோம் சாலை மாரியம்மன் கோவில். 19-ஆம் நூற்றாண்டில் அங்கு குடியேறிய தமிழர்கள் கட்டியது. இப்போது சாமந்தி மாலையோடு வரிசையில் நிற்பவர்களில் நிறையப் பேர் தாய்லாந்துக்காரர்கள்.

படி 9: கிளம்பும் முன்

ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கியிருந்து, கடையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) திருப்பித் தரப்படும் என்ற அறிவிப்பு இருந்தால், பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்குங்கள். வாட் 7 சதவீதம், கட்டணம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். பெரிய தொகைக்கு வாங்கியிருந்தால், விமான நிலையத்தில் பெட்டியைப் போடுவதற்கு முன்பே சுங்க அதிகாரியிடம் போக வேண்டும். பணம் வாங்குவது குடியேற்றம் தாண்டி உள்ளே போன பிறகு. வரிசை மாறினால் படிவம் வெறும் காகிதம்.

புத்தர் சிலை வாங்குவதானால் வெளியே கொண்டுபோக அவர்களுடைய நுண்கலைத் துறையின் அனுமதி தேவைப்படும் என்பதைக் கடையிலேயே கேளுங்கள். தோம் யாம் சூப் விழுது, மிளகாய் விழுது பாட்டில் எல்லாம் திரவக் கணக்கில் சேரும், கைப்பையில் வைக்காமல் பெட்டியில் துணி சுற்றி வையுங்கள்.

திங்கள் காலை கையில் மிச்சமிருக்கும் சில்லறைக்கு விமான நிலையத்தின் முதல் தளத்தில், எட்டாம் வாசல் பக்கம், ஊழியர்கள் சாப்பிடும் மேஜிக் ஃபுட் பாயின்ட் இருக்கிறது. மேல்மாடி உணவகங்களில் ஒரு காபிக்கு ஆகும் காசுக்கு இங்கே வயிறு நிறையும். நாங்கள் கடைசித் தட்டு சோற்றை அங்கேதான் சாப்பிட்டோம். அம்மா கவுன்டரில் தானே போய் "கின் ஜே, கா" என்றார்.