தூக்குத் தீர்ப்பு கைக்கு வந்தால் எங்கிருந்து படிப்பது?

எங்கள் ஆபீஸுக்கு வரும் ஜூனியர்கள் மரண தண்டனைத் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்தே படிக்க உட்காருவார்கள். அங்கே ரத்தமும் பிணமுமாக இருக்கும். படித்து முடிப்பதற்குள் யாரையாவது தூக்கில் போட்டால் சரி என்று மனசு தயாராகிவிடும். அதைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் தேதிகளை எழுதச் சொல்வேன்: சம்பவம், கைது, வாக்குமூலம், மாஜிஸ்திரேட் முன் ஆஜர், வாக்குமூலத்தை மறுத்த நாள்.

பழகிக்கொள்ள அக்‌ஷர்தாம் வழக்கின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுங்கள். 2014 மே 16, தேர்தல் முடிவு வந்த அதே நாள், யார் கவனித்தார்கள்? குஜராத்தின் காந்திநகரில் உள்ள அந்தக் கோயில் தாக்கப்பட்டது 2002 செப்டம்பர் 24இல். ஏறக்குறைய ஒரு வருடம் துப்பில்லை. 2003 ஆகஸ்ட் கடைசியில் வழக்கு குற்றப்பிரிவுக்கு மாறியது, மறுநாளே கைது. இந்த வேகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

அடுத்து மாஜிஸ்திரேட். அப்போதிருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான பொடாவின் 32ஆம் பிரிவு போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் சாட்சியமாக்கியது. அதற்கு வேலியாக, 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும்; அடித்தார்கள் என்று சொன்னால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும்; அப்புறம் நீதிமன்றக் காவல்தான். இங்கே மாஜிஸ்திரேட் சித்திரவதை பற்றித் தோண்டி விசாரிக்கவில்லை. ஆட்கள் மறுபடி போலீஸ் காவலுக்கே போனார்கள்.

அப்புறம் பொருட்களைப் பாருங்கள். கொல்லப்பட்ட இரண்டு தாக்குதல்காரர்களின் கால்சட்டைப் பைகளில் உருதுக் கடிதங்கள் கிடைத்தனவாம். கால்சட்டையில் குண்டுத் துளை, ரத்தம். கடிதத்தில் கிழிசலும் இல்லை, கறையும் இல்லை. இதைக் கீழ்க்கோர்ட்டும் உயர் நீதிமன்றமும் நம்பின!

இப்போது வாக்குமூலத்தை பென்சிலால் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். இந்த வழக்கில் நிற்கும்படி எதுவும் மிஞ்சவில்லை. ஆறு பேரும் விடுதலை. அதில் மூன்று பேர் தூக்குக்குக் காத்திருந்தவர்கள். கை பழகியதும் ராஜீவ் கொலை வழக்கின் 1999 தீர்ப்பிலும் இதே கோட்டைப் போட்டுப் பாருங்கள். பொடாவுக்கு முன்பிருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் தடா. அந்தத் தடா குற்றங்கள் நிற்காது என்ற அதே தீர்ப்பு, தடாவில் வாங்கிய வாக்குமூலம் செல்லும் என்றது. எனக்கு இன்னும் அது செரிக்கவில்லை.

வழக்கு இப்போதுதான் நடக்கிறது என்றால், சிறைக்குள் நுழையும்போது டாக்டர் எழுதும் காயக் குறிப்புக்கு உடனே நகல் மனு போடுங்கள். காயம் ஆறிவிடும். அப்பீலில் கையில் காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கும்.